ஜாடிக்குள் மிதக்கும் காயை அடக்கி வைப்பது எப்படி: கண்ணாடி வெயிட் முழு வழிகாட்டி

ஊரில் ஒரு கல்யாணம், நான்கு நாள் கழித்துத்தான் வீடு திரும்பினோம். கிளம்பும் முன் புளிக்கட்டும் என்று உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போன கேரட், பச்சை மிளகாய் ஜாடியைத் திறந்தால் மேலே பச்சையும் கறுப்புமாக வெல்வெட் விரித்த மாதிரி பூசணம். அடியில் கிடந்த காய் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. எல்லாம் ஒரே ஒரு மிளகாயால் வந்த வினை. உள்ளே காற்று அடைந்திருந்த முழு மிளகாய் ஒன்று தக்கை மாதிரி மேலே வந்து, பாதி உடம்பு தண்ணீரிலும் பாதி உடம்பு காற்றிலுமாக நின்றுகொண்டிருந்தது. பூசணம் அதன் முதுகில்தான் முதலில் ஏறியிருந்தது.

அதற்கப்புறம்தான் கண்ணாடி வெயிட் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் கனத்த கண்ணாடி வில்லை அது, ஜாடியின் வாய் வழியாக இறக்கிக் காயின் மேல் உட்கார வைத்தால் காய் மேலே வராது, அவ்வளவுதான் அதன் வேலை. இதற்குப் போய் இவ்வளவு பெரிய கட்டுரையா என்றால், வெயிட் வாங்கிப் போட்ட முதல் இரண்டு ஜாடியும் எனக்குச் சரியாக வரவில்லை. காய் வெயிட்டின் ஓரமாக நழுவி மேலே வந்துவிட்டது. எங்கே தப்பு என்று பிடிபடக் கொஞ்ச நாளானது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெயிட் உண்மையில் என்ன செய்கிறது

எங்கள் அம்மாச்சி மாவடு போட்டால் முதல் சில நாள் தினமும் காலையில் ஜாடியைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்குவார். "குலுக்காம விட்டா மேல கெடக்குறது அழுகிப் போகும்டி" என்பார். மேலே இருக்கும் வடு காய்ந்துபோகாமல் திரும்பத் திரும்ப உப்புத் தண்ணீரில் நனைய வேண்டும், அதற்குத்தான் அந்தக் குலுக்கல். போகப் போக வடு தன் தண்ணீரை விட்டுச் சுருங்கி, தானும் உப்பைக் குடித்து அடங்கிவிடும். முட்டைக்கோஸும் கேரட்டும் அவ்வளவு சமத்து இல்லை. அவற்றைப் பிடித்து அமுக்கி வைக்க ஆள் வேண்டும்.

காயின் மேல்தோலிலேயே லாக்டிக் அமில பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதுமான உப்பில் மற்ற கிருமிகள் தளர்ந்துவிட, இவை காயின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம்தான் புளிப்பு, அதுதான் காவலும். இந்த பாக்டீரியாவுக்குக் காற்று தேவையில்லை. பூசணத்துக்கோ காற்று இல்லாமல் முடியாது. ஆகவே தண்ணீரின் மேல்மட்டம் என்பது ஒரு எல்லைக்கோடு. கீழே இருக்கிற காய் ஊறும், மேலே எட்டிப் பார்க்கிற காய் கெடும். வெயிட்டின் வேலை அந்தக் கோட்டைத் தாண்ட விடாமல் பார்த்துக்கொள்வது. காயைப் பிழிவதோ நசுக்குவதோ இல்லை.

உலகத்தில் எல்லோரும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் ஊறுகாய்த் தொட்டியின் மேல் பெரிய ஆற்றுக்கல்லை ஏற்றி வைப்பார்கள், சுக்கெமோனோ இஷி என்று அதற்குப் பெயரே உண்டு. ஜெர்மனியில் சார்க்ராட் என்கிற புளித்த முட்டைக்கோஸ் போடும் ஜாடிக்குள் அரைவட்டமாக இரண்டு கற்களைப் போடுவார்கள். ஏன் இரண்டு பாதி? ஜாடியின் வாய் குறுகல், வயிறு அகலம். முழு வட்டக்கல் வாய் வழியாக இறங்காது, இறங்குகிற கல் வயிற்றை அடைக்காது. பாதி பாதியாக இறக்கி உள்ளே சேர்த்து வைத்தால் இரண்டும் நடக்கும். எனக்கு முதல் இரண்டு ஜாடி கெட்டதும் இதே காரணத்தால்தான். கண்ணாடி வில்லை வாய் அளவுக்குத்தான் இருக்கும், உள்ளே போனதும் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விழும், அந்தச் சந்து வழியாகத் துருவல் மேலே வந்துவிடும். வெயிட்டுக்குக் கீழே ஒரு இலை போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். இலை இல்லாத வெயிட் பாதி வெயிட்தான்.

வாங்கும்போது

முதலில் ஜாடியின் வாயை உள்பக்கமாக அளந்துகொள்ளுங்கள், மூடியை அல்ல. மேசன் ஜாடி என்கிற வெளிநாட்டுத் திருகுமூடிக் கண்ணாடி ஜாடிகளில் அகல வாய் மூடி 86 மில்லிமீட்டர், சாதா வாய் மூடி 70 மில்லிமீட்டர் என்று கணக்கு உண்டு, விற்கிற வெயிட்டுகள் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும்தான். நம் ஊர் ஜாடிகளுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது, ஒவ்வொன்றும் ஒரு அளவு. உள்வாயைவிட 5 மில்லிமீட்டராவது சின்னதாக இருந்தால்தான் வெயிட் தடங்கலில்லாமல் போய்வரும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவிடாதீர்கள், போட்ட வெயிட்டை எடுக்கக் கையே உள்ளே போகாது. கை நுழையும் வாய், முடிந்தவரை நேரான பக்கம், ஒரு லிட்டர் கொள்ளளவு: ஆரம்பிக்க இது போதும்.

அடுத்தது கனம். கண்ணாடி தண்ணீரைவிடச் சுமார் இரண்டரை மடங்கு அடர்த்தி. 200 கிராம் வில்லையைத் தண்ணீருக்குள் முழுக்க இறக்கினால் அது 80 மில்லி தண்ணீரை விலக்கும், கிட்டத்தட்ட அந்த 80 கிராம் கனம் போய்விடும், மிச்சம் 120 கிராம்தான் காயை அமுக்கும். கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது கனமாகத் தோன்றுவது உள்ளே போனதும் கிட்டத்தட்ட பாதி லேசாகிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, மெல்லிய வில்லையை விட்டுவிட்டு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ளதைப் பாருங்கள். போதாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைக்கலாம்.

வடிவத்தில் இரண்டு வகை. ஒன்று தட்டையானது, ஓரத்தில் பிடிக்க ஒரு பள்ளம் மட்டும் இருக்கும். இன்னொன்று நடுவில் குமிழ் வைத்தது. குமிழ் வைத்ததையே வாங்குங்கள் என்பேன். புளித்த தண்ணீரில் தட்டை வில்லை வழுக்குகிற வழுக்கு இருக்கிறதே, சோப்புக்கட்டி தேவலை. ஒரே ஒரு எச்சரிக்கை, குமிழ் உயரமாக இருந்து ஜாடியில் காய் தளும்ப நிரம்பியிருந்தால் மூடி அதில் இடிக்கும்.

வெயிட் கிடைக்கவில்லை என்றால்? வாய்க்குள் நுழைகிற சின்ன ஜாம் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி உள்ளே நிற்க வைக்கலாம். மூடி உலோகமாக இருந்தால் அது உப்புத் தண்ணீரில் படாமல் மேலே நிற்க வேண்டும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் உப்புத் தண்ணீர் நிரப்பியும் வைக்கலாம். வெறும் தண்ணீரை நிரப்பினால் பை ஒழுகும்போது ஜாடியின் உப்பு நீர்த்துவிடும், அதனால் உப்புத் தண்ணீர். கோலிக்குண்டு, மீன்தொட்டிக் கண்ணாடிக் கற்கள், பேப்பர் வெயிட், கிரிஸ்டல் சாமான் எதுவும் வேண்டாம். அவை சாப்பாட்டுக்கென்று செய்த கண்ணாடி இல்லை, கிரிஸ்டலில் ஈயம் இருக்கலாம், புளிப்பு ஈயத்தை இழுக்கும். சலவைக்கல், சுண்ணாம்புக்கல் அமிலத்தில் கரையும். தராசுப் படிக்கல்லைப் போடலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். இரும்பு அக்கா, துருப்பிடித்துவிடும்.

போடுவதற்கு முன்

வெயிட்டின் விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சை வைத்துத் தடவிப் பாருங்கள். எங்காவது பஞ்சிழை சிக்கினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சரி. அப்படிப்பட்டதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், கோஸுக்குள் கண்ணாடிச் சில்லு விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பஞ்சு சிக்காமல் சுற்றி வந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசிக் காய வையுங்கள். கொதிக்க வைத்துத்தான் தீர வேண்டும் என்றில்லை. வைப்பதென்றால் பச்சைத் தண்ணீரில் போட்டுச் சேர்த்தே சூடாக்குங்கள். நான் கொதிக்கிற தண்ணீரை நேராக மேலே ஊற்றினேன், 'டிக்' என்று ஒரு சத்தம், அழகாக இரண்டாகப் பிளந்தது. போர் தண்ணீர் உள்ள வீடுகளில் வெயிட்டின் மேல் வெள்ளை உப்புக்கறை படியும், வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும்.

முட்டைக்கோஸ் ஒரு ஜாடி

ஒரு லிட்டர் ஜாடிக்கு, மேல் இலையெல்லாம் நீக்கிய கோஸ் 800 கிராம். நீக்கிய இலைகளில் நல்லதாக, கிழியாததாக இரண்டை எடுத்து வையுங்கள், அதுதான் பிறகு வேண்டும். உப்பு, கோஸ் எடையில் 2 முதல் 2.5 சதவீதம். குளிர் ஊர்களில் 2 போதும், நம் ஊர் வெயிலுக்கு 2.5 போட்டால் காய் கொழகொழக்காது. 800 கிராமுக்கு 20 கிராம். இதைக் கண் அளவில் போடாதீர்கள், கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் வேறு வேறு எடை. எடை மெஷின் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கோஸைப் பொரியலுக்கு நறுக்குவதைவிடக் கொஞ்சம் நீளமாக நறுக்கி, உப்பைத் தூவி, அகலப் பாத்திரத்தில் இரண்டு கையாலும் பிசையுங்கள். முதலில் ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். ஐந்து நிமிஷத்தில் கோஸ் துவண்டு பளபளக்கும், அப்படியே கால் மணி விட்டுவிட்டு மறுபடி பிசைந்தால் கைப்பிடியை இறுக்கும்போது விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகும். அந்தத் தண்ணீர்தான் நமக்கு வேண்டிய உப்புத் தண்ணீர், ஒரு சொட்டும் கொட்டக்கூடாது. மிளகு, சீரகம் மாதிரி ஏதாவது போட ஆசையென்றால் முதலில் அடியில் போடுங்கள், மேலே தூவினால் அத்தனையும் மிதக்கும்.

இப்போது ஜாடியில் ஒவ்வொரு கைப்பிடியாகப் போட்டு, மரக்கரண்டிக் காம்பாலோ முஷ்டியாலோ அழுத்தி அழுத்தி நிரப்புங்கள். நடுவில் காற்றுப்பை இருந்தால் அது பிறகு மேலே கிளம்பும்போது வெயிட்டையும் சேர்த்துத் தூக்கும். வாய்க்குக் கீழே நான்கைந்து விரல் காலியாக இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். எடுத்து வைத்த இலையை ஜாடியின் உள்வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, மேலே விரித்து, ஓரத்தை விரலால் சுற்றிலும் கீழே செருகிவிடுங்கள், குழந்தையைப் படுக்க வைத்துப் போர்வையைச் செருகுகிற மாதிரி. இலையின் மேல் வெயிட். அதை விரலால் பிடித்து ஒரு பக்கமாகச் சரித்து இறக்கினால் அடியில் காற்று மாட்டாது. கை தவறிப் போட்டீர்கள் என்றால் ஜாடியின் அடியே பெயர்ந்துவிடும், அதனால் நிதானமாக.

வெயிட்டை ஒரு அமுக்கு அமுக்கினால் உப்புத் தண்ணீர் இலைக்கு மேலே ஏறி வர வேண்டும். இலை முழுதும் மூழ்கி, அதற்கு மேல் ஒரு விரல்கட்டை தண்ணீர் நின்றால் போதும், வெயிட்டின் குமிழ் வெளியே தெரிந்தால் பரவாயில்லை. உடனே அவ்வளவு தண்ணீர் வராவிட்டால் ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள், வெயிட்டே இழுத்துக்கொண்டு வரும். காலையிலும் போதவில்லை என்றால் 200 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் உப்பு கலந்து வேண்டிய அளவு ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் அடித்தால் கொதிக்க வைத்து ஆற விட்டுப் பயன்படுத்துங்கள், கேன் தண்ணீர் என்றால் அப்படியே ஊற்றலாம். மூடியை இறுக்காமல் லேசாகத் திருகி, ஜாடியை ஒரு தட்டில் வைத்து, அடுப்பை விட்டுத் தள்ளி வெயில் படாத இடத்தில் வையுங்கள். தட்டு ஏன் என்று இரண்டாம் நாள் தெரியும்.

அடுத்த சில நாள்

இரண்டாம் நாள் காலையில் வெயிட் ஒரு விரல் மேலே ஏறியிருக்கும், உப்புத் தண்ணீர் வழிந்து தட்டில் நிற்கும், கோஸ் அடுக்கில் வெடிப்பு மாதிரி காற்றுக்கோடுகள் தெரியும். பயப்பட வேண்டாம். ஆரம்பத்தில் வேலை செய்யும் லூக்கோநாஸ்டாக் என்கிற வகை பாக்டீரியா கார்பன் டை ஆக்சைடை நிறைய விடும், அது வெளியே வர வழியில்லாமல் வெயிட்டுக்கு அடியில் சேர்ந்து தூக்குகிறது. சுத்தமான கரண்டியால் வெயிட்டை மெல்ல அமுக்குங்கள், 'புஸ்' என்று நுரைத்துக்கொண்டு காற்று வெளியேறும், தண்ணீர் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். முதல் மூன்று நாள் காலையும் மாலையும் இதைச் செய்ய வேண்டும். மூடியை முறுக்கி இறுக்கி வைத்து மறந்துபோனால் அழுத்தத்தில் ஜாடி வெடிக்கக்கூட வாய்ப்புண்டு.

மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கும், அடியில் வெள்ளையாக வண்டல் இறங்கும், இரண்டும் நல்ல அறிகுறி. வெயிட்டின் மேல் இரண்டொரு துருவல் ஏறி உட்கார்ந்திருந்தால் கரண்டியால் எடுத்து எறிந்துவிடுங்கள், 'ஒன்றுதானே' என்று விடாதீர்கள். ஐரோப்பாவில் 20 டிகிரி பக்கம் வைத்து மூன்றிலிருந்து ஆறு வாரம் வரை விடுவார்கள். சென்னை வெயிலில் நான்காம் ஐந்தாம் நாளிலிருந்தே ருசி பார்க்கத் தொடங்கலாம், எனக்கு ஏழாம் நாள் புளிப்புப் பிடிக்கும். சந்தேகமாக இருந்தால் புளிப்பை அளக்கிற பி.எச். தாள் ஒன்றை நனைத்துப் பாருங்கள், 4.6-க்குக் கீழே போயிருக்க வேண்டும், நன்றாகப் புளித்தது 4-க்கும் கீழே காட்டும். பாட்டுலிசம் என்கிற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி 4.6-க்குக் கீழே வளராது, அதனால்தான் அந்த எண்.

மேலே ஏதாவது தெரிந்தால்

வெள்ளையாக, தட்டையாக, பால் ஆடை மாதிரி சுருக்கம் விழுந்த படலம் என்றால் அது ஒரு வகை ஈஸ்ட். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசியைத்தான் கெடுக்கும். படலத்தை எடுத்துவிட்டு, வெயிட்டையும் எடுத்துக் கழுவித் திரும்பப் போடுங்கள், ஏனென்றால் குமிழைச் சுற்றித்தான் அது ஒட்டிக்கொண்டிருக்கும். பஞ்சு மாதிரி மயிர் விட்டு, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறத்தோடு வந்தால் பூசணம், ஜாடியோடு கொட்டுங்கள். மேல் அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை, ஒரு கோஸ் என்ன விலை. பூண்டு போட்டிருந்து அது நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் அலறாதீர்கள், புளிப்பில் பூண்டு அப்படித்தான் மாறும், சாப்பிடலாம்.

வெயிட் மாட்டிக்கொண்டு வராவிட்டால் கத்தியை விட்டு நெம்பாதீர்கள், சில்லு பெயரும். ஒரு ஓரத்தை விரலால் கீழே அழுத்தினால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும், அதைப் பிடித்து எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் மரக்கரண்டியின் காம்பு.

மற்ற காய்கள்

கேரட், பீன்ஸ், முள்ளங்கி எல்லாம் தங்களிடமிருந்து அவ்வளவு தண்ணீர் விடாது, உப்புத் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஒரு லிட்டருக்கு 30 முதல் 50 கிராம் உப்பு. கேரட்டை ஜாடியின் தோளுக்குச் சரியாகக் கீழே நிற்கிற உயரத்தில் குச்சிகளாக வெட்டி நெருக்கி அடைத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெயிட்டுக்குப் பாதி வேலை மிச்சமாகும். வெள்ளரிப்பிஞ்சுக்குப் பூ இருந்த முனையை ஒரு மெல்லிய வட்டம் சீவிவிடுங்கள், அங்கே இருக்கிற நொதிதான் வெள்ளரியை மெத்தென்று ஆக்குகிறது. பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி, பக்கவாட்டில் ஒரு கீறல் போடாமல் ஜாடியில் போடவே கூடாது. உள்ளே இருக்கிற காற்று வெளியே வந்து தண்ணீர் புகுந்தால்தான் மிளகாய் அடங்கும். இது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

பீங்கான் ஊறுகாய் ஜாடியில் செய்கிறவர்களுக்கு வட்டக் கண்ணாடி வெயிட் சின்னதாகப் போய்விடும். அதற்குள் நுழைகிற பீங்கான் சாசரைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் வெயிட்டை வையுங்கள். எண்ணெய் ஊறுகாய்க்கும் காரமாவு தடவின ஆவக்காய்க்கும் வெயிட் வேண்டாம், அங்கே எண்ணெய்தான் மேலே நின்று காற்றைத் தடுக்கிறது.

புளிப்பு உங்களுக்குப் பிடித்த இடத்துக்கு வந்ததும் ஜாடியை ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், புளிப்பது மெதுவாகிவிடும். வெயிட்டை எடுத்துவிடலாம், ஆனால் குளிர்ந்ததும் தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கும், அதனால் காலி ஆகிற வரை மீதிக் காயை ஈரக்கை படாத கரண்டியால் அமுக்கி வையுங்கள். பிரஷர் உள்ளவர்கள் அளவாகச் சாப்பிட வேண்டிய சாமான் இது, உப்பு அத்தனையும் உள்ளேதான் இருக்கிறது. காய் தீர்ந்த பிறகு மிஞ்சும் புளித்த தண்ணீரில் ஒரு கரண்டியை ரசம் இறக்கினபின் விட்டுப் பாருங்கள், அன்றைக்குப் புளியும் உப்பும் குறைத்துப் போட்டிருக்க வேண்டும். வெயிட்டுகளைக் கழுவி ஒன்றோடொன்று இடிக்காமல் தனித்தனியாகப் பழைய பனியன் துணியில் சுற்றி வையுங்கள். என்னிடம் நான்கு இருந்தது, டிராயரில் சும்மா போட்டு வைத்ததில் ஒன்று பஞ்சுச் சோதனையில் தோற்றுவிட்டது, இப்போது மூன்று.